தவக்காலத்தில் வந்த ஆட்டப்பாட்டு

நான் மண்டபத்துக்குள் நுழைந்தால் ஆடிக்கொண்டிருப்பவர்கள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன்.

மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு ஞானஸ்நான விருந்து. வேலை முடிந்து பிந்தித்தான் போனேன். உள்ளே நல்ல ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டவர்கள், சேலை முந்தானையை இடுப்பில் செருகியவர்கள், சப்பாத்தைக் கையில் பிடித்தபடி ஆடும் பெட்டைகள் என்று எல்லாரும் நடுவில் நின்றார்கள். எனக்கும் கால் துடித்தது. ஜாக்கெட்டைக் கொழுவிவிட்டுத் திரும்புவதற்குள் டிஜே என்னைக் கண்டுவிட்டான். பாட்டை நிறுத்தினான். "எங்கட பாடகி வந்திட்டா. அந்தப் பாட்டை ஒருக்காப் பாடுவா" என்று மைக்கில் சொன்னான். ஆடியவர்கள் நல்ல பிள்ளைகளாகத் தங்கள் மேசைகளுக்குத் திரும்பினார்கள். முன்மேசையில் ஒரு மாமி கைப்பையைத் திறந்து டிஷ்யூவை முன்கூட்டியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நடந்தது ஒரு குழந்தையின் ஞானஸ்நானம். பாடினேன். அழுதார்கள். பிறகு ரோல்ஸ் சாப்பிடப் போனார்கள்.

அந்தப் பாட்டு என் முதல் அல்பத்தில் இருப்பது. அது முழுக்கச் சோல் இசை. ஓர்கன், மெதுவான மேளம், மேலே என் குரல். பாட்டின் முடிவில் சொல்லே இல்லாமல் ஓர் இழுப்பு இழுப்பேன். ஊர் முழுக்க அழுதது அந்த இழுப்புக்குத்தான். அதை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது எங்கள் கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரியும்.

பெரிய வெள்ளியன்று எங்கள் கோயிலில் பசாம் பாடுவோம். யேசுவின் பாடுகளை ஒருவர் புலம்பிப் புலம்பிப் பாட, கோயிலில் இருப்பவர்கள் எல்லாரும் ஈற்றடியைத் திருப்பிப் பாடுவார்கள். மேளமில்லை, தாளமில்லை. முன்னால் நின்று பாடுகிறவர், அழுகிறவர்கள் மூச்சு எடுத்து முடியும்வரை பொறுத்திருந்துதான் அடுத்த அடியைத் தொடுவார். பள்ளிக்கூட வயதிலிருந்து அப்படி முன்னால் நின்று பாடியவள் நான். பிறகு கல்லூரிக் காலத்தில் மெற்றோவில் காதில் மாட்டிக்கொண்டு அமெரிக்கக் கறுப்பினத்தவர்களின் சோல் பாட்டுகளைக் கேட்டபோது எனக்கு அவை புதிதாகவே தெரியவில்லை. அவர்களும் கோயிலில் பழகியதைத்தான் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்திருந்தார்கள். நானும் கொண்டுவந்தேன். அப்போது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் பாட்டு மெதுவாக இருந்தது.

முதல் அல்பத்துக்குப் பிறகு நான் துக்கத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவளானேன். செத்தவீடு, முப்பத்தோராம் நாள், நினைவுக் கூட்டம் எதுவானாலும் அழைப்பு வரும். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை நிருபர் என் குரலில் ஒரு மக்கள் கூட்டத்தின் காயம் கேட்கிறது என்று எழுதினார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் காயம் பட்டவர் அம்மா. மன்னாரிலிருந்து என்னை இடுப்பில் சுமந்துகொண்டு வெளிக்கிட்டவர் அவர். நான் மொன்றியல் பனியில் விழுந்து எழும்பி, பள்ளிக்கூடக் கன்ரீனில் பூட்டீன் தின்று வளர்ந்தவள். அம்மாவின் கண்ணீரை நான் எவ்வளவு காலம் என் பெயரில் விற்பது? பகலில் நான் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அங்கே அந்தப் பாட்டைப் பாடினால் பிள்ளைகள் நித்திரையாகிவிடுவார்கள். மத்தியான நித்திரைக்கு அது மிகவும் உதவியது.

ஆகவே அந்த ஞானஸ்நான விருந்தில் முடிவெடுத்தேன். என் குரலைக் கேட்டு ஆட்கள் கதிரையை விட்டு எழும்ப வேண்டும். அடுத்த அல்பம் ஆட்டத்துக்கு.

லொங்குய்யில் ஒரு ஹெயிட்டிக்கார நண்பர் இருக்கிறார். அவருடைய வீட்டின் நிலக்கீழ் அறைதான் அவருடைய ஸ்டூடியோ. ஒரு பக்கம் கணினியும் ஸ்பீக்கர்களும், மறுபக்கம் துணி தோய்க்கும் இயந்திரம். நல்ல பொப் பாட்டுகளுக்கும் டான்ஸ் பாட்டுகளுக்கும் தாளம் கட்டுகிறவர். வேலை முடிந்ததும் மஞ்சள் லைன் மெற்றோ பிடித்து ஆற்றைக் கடந்து அவரிடம் போவேன். முதல் கிழமைகள் படு மோசம். தாளம் ஓடும், நான் பிந்துவேன். தாளம் திரும்பி வரும், நான் இன்னும் பிந்துவேன். அழுகிறவர்களுக்காகக் காத்திருந்து பழகிய தொண்டை அது, ஒருவரும் அழாத அறையிலும் காத்திருந்தது. ஹெட்போன் சரியில்லை என்றேன். அவர் வேறு ஹெட்போன் தந்தார். அதுவும் சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், அதை அவருக்குப் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு மாலை தேநீர்த் தண்ணீர் கொதிக்கும்வரை நான் சும்மா பசாம் ராகத்தை முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். அவர் முதலில் போட்ட தாளத்தை நிறுத்தாமல் விட்டிருந்தார். நான் என்பாட்டுக்கு முணுமுணுக்க, ராகம் தானாகப் போய்த் தாளத்தில் ஏறிக்கொண்டது. வேகமாகப் பாடினால் அந்தப் புலம்பலுக்குள் ஓர் ஆட்டம் இருக்கிறது. அது எனக்கு அன்றுவரை தெரியாது. நண்பர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். என் குரலைக் கேட்டு எழுந்த முதல் ஆள் அவர்தான். இது எங்கள் பெரிய வெள்ளிப் பாட்டு என்று சொன்னேன். அவருடைய தாயும் கோயிலே கதி என்று இருப்பவர். சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, இதை நீ செய்யலாமா என்று கேட்டார். யாரிடம் கேட்க வேண்டும் என்றேன். சொற்களைத் தொடவில்லை. ராகத்தை மட்டும், வெறும் 'ஆ' என்ற இழுப்பில், நாலாவது பாட்டின் நடுவில் வைத்தோம். மேளம் சட்டென்று நிற்கும். புலம்பல் தனியாக வரும். பிறகு மேளம் வந்து அதைத் தூக்கிக்கொண்டு ஓடும்.

அல்பம் மார்ச்சில் வெளிவந்தது. கோடைகால விழாக்களுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் அந்த நேரத்தில்தான் புதுப்பாட்டு கேட்பார்கள். அது தவக்காலம் என்று எனக்குத் தெரியாமலில்லை, தெரிந்துதான் வெளியிட்டேன். ஆனால் எங்கள் பங்கில் அந்தத் தவக்காலத்துக்கு ஒரு விசேஷம் இருந்தது. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பூசை முடிந்ததும் பாடகர் குழுவை நடத்துகிற அண்ணை மைக்கைப் பிடித்து, "இந்த முறை இறைச்சியோட சேத்துக் கேளிக்கைப் பாட்டையும் விடுவம். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் ஒண்டும் கேக்கிறேல்லை எண்டு எல்லாரும் நேந்துகொள்ளுவம்" என்றார். கோயில் முழுக்கக் கை தூக்கியது. நான் தூக்கவில்லை. பாட்டை விட்டால் நான் எதைச் செய்வது? எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா தூக்கினார்.

அம்மா நேர்ந்தால் நேர்ந்ததுதான். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் நாள் முழுக்க நின்றபடி பெட்டி கட்டுகிற வேலை அவருக்கு. வீட்டுக்கு வந்து கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு பழைய பாட்டுகள் கேட்பதுதான் அவருக்கிருந்த ஒரே சுகம். அதை விட்டார். தொலைக்காட்சியை விட்டார். போன் மணி பாட்டாக அடிக்கிறது என்று அதையும் நிறுத்தி வெறுமனே அதிர விட்டார். அந்தத் தவக்காலம் முழுக்க அவருக்கு வந்த அழைப்பு எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அல்பம் வந்ததும் பங்கில் புகை கிளம்பியது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி. பசாமை டிஸ்கோவாக்கிப்போட்டாள், வெள்ளைக்காரனுக்கு ஆடுவதற்குக் கோயில் பாட்டை வித்துப்போட்டாள் என்றெல்லாம் பேச்சு. இன்னொரு பக்கம், முதல் அல்பத்தைக் கொண்டாடிய சோல் ரசிகர்களுக்கும் முகம் கோணியது. ஒரு வானொலிக்காரர், ஏன் சோகத்தை விட்டு ஓடுகிறீர்கள் என்று உருக்கமாகக் கேட்டார். நான் ஓடவில்லை, சோகத்துக்குக் கால் வைத்து விட்டிருக்கிறேன் என்றேன். கோயிலும் வானொலியும் வேறு எதிலும் ஒத்துப்போனதில்லை. நான் அழுதுகொண்டே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போயின.

ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். அண்ணை, பாதர், பாடகர் குழுவில் ஏழெட்டுப் பேர். அண்ணை கெட்டவரில்லை. சின்ன வயதில் எனக்குத் தொண்டை கட்டினால் கற்கண்டு கொண்டுவந்து தருகிறவர். அதனால்தான் அவருடைய முகத்தில் இருந்த வருத்தம் எனக்குக் கோபத்தை இன்னும் கூட்டியது.

"பிள்ளை, இப்பிடிச் செய்துபோட்டீரே. பெரிய வெள்ளிக்குப் பாடுற வாயெல்லோ உது" என்றார்.

"என்ன செய்தனான் அண்ணை?"

"நாலாம் பாட்டில பசாம் கிடக்கு. மேளம் நிண்டு பேந்து தொடங்குற இடத்தில. முதல் மெதுவா வருது, பேந்து கதவுக்குப் பின்னால தட்டுற மாதிரி ஒரு சத்தம், அதோட தூக்கிக்கொண்டு போகுது."

அந்தக் கதவு தட்டுகிற சத்தத்தை நண்பர் மிக மெதுவாக வைத்திருந்தார். நல்ல ஹெட்போனில் காது கொடுத்துக் கேட்டால்தான் பிடிபடும்.

"வடிவாச் சொல்லுறியள் அண்ணை. எப்ப கேட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

அண்ணை பாதரைப் பார்த்தார். பாதர் யன்னலைப் பார்த்தார்.

"கேக்காமல் எப்பிடிப் பிள்ளை கண்டிக்கிறது?" என்றார் அண்ணை கடைசியில்.

"ஏழாம் பாட்டிலயும் சாடையாக் கிடக்கு" என்றார் பின்னாலிருந்த ஒரு மாமி. சொன்ன பிறகுதான் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

நேர்ந்துகொண்டவர்கள் எல்லாரும் என்னைத் திட்டுவதற்காகக் கேட்டிருந்தார்கள். ஒருதரம் கேட்டால் போதுமான அளவு திட்ட முடியாது என்று திருப்பித் திருப்பியும் கேட்டிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அது அவர்களுக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அண்ணை முடிவைச் சொன்னார். அந்த நாலாம் பாட்டை எடுத்துவிட வேண்டும். அடுத்த ஞாயிறு பூசை முடிவில் எல்லாருக்கும் முன்னால் ஒரு மன்னிப்புச் சொல்ல வேண்டும். அப்படியென்றால் பெரிய வெள்ளிக்கு வழமைபோல நான் பாடலாம்.

"எடுக்கமாட்டன். மன்னிப்பும் கேக்கமாட்டன்" என்றேன். "அந்த ராகத்தை நான் ஒருத்தரிட்டையும் களவெடுக்கேல்லை. உங்களுக்கு எப்பிடியோ எனக்கும் அப்பிடித்தான், அது எனக்குள்ள கிடக்கு. செத்தவருக்கு மட்டும் பாடு எண்டு சொல்லி ஆண்டவர் எனக்கு இந்தத் தொண்டையைத் தரேல்லை. அவர் மூண்டாம் நாள் எழும்பினவரெல்லோ. எழும்பினவருக்கும் ஒருத்தி பாட வேணும்."

அண்ணை மேசையில் இருந்த பாட்டுப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். "அப்ப இந்த முறை நானே பாடுறன்" என்றார்.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்று அழுதேன். பெரிய வெள்ளிப் பாட்டு எனக்கு வேண்டாதது என்று யாரும் நினைக்க வேண்டாம். வருசத்தில் அந்த ஒரு மணித்தியாலம்தான் என் குரலை நான் முழுக்க நம்புகிற நேரம். ஆட்டப்பாட்டு பாடுகிறவள் பசாம் பாடக்கூடாது என்று ஒரு கோடு போட்டால் என்னை நடுவால் வெட்டுகிற மாதிரித்தான். ஆனாலும் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்க ஒரு துளி மனமும் வரவில்லை.

வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததை அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சுண்டின முகத்தோடு இருந்தார்.

"எல்லாரும் கேட்டிட்டினம் அம்மா. நீங்களும் ஒருக்காக் கேட்டால் என்ன?" என்றேன்.

"நேந்தது நேந்ததுதானே. உயிர்ப்பு முடியட்டும்."

"நான் பிழை விட்டிட்டன் எண்டு நினைக்கிறியளோ?"

"கேக்காமல் எப்பிடி நினைக்கிறது?" என்று சொல்லிவிட்டு அம்மா கீரைத் தண்டை முறித்தார்.

அண்ணை சொன்ன அதே வாசகம். ஆனால் அம்மா சொன்னபோது எனக்குப் பயம் பிடித்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஊர் என்ன சொன்னாலும் நான் பாடிக்கொண்டிருப்பேன். அம்மா பிழை என்று சொன்னாலும் பாட்டை எடுக்கமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பாட்டை எந்த மேடையிலும் என்னால் வாய் திறந்து பாட முடியாது. அந்தப் புலம்பல் அவருடையது. அதற்கு ஆட்டம் வைத்தவள் நான். இரண்டும் ஒன்றாக இருக்கலாமா என்று சொல்ல அந்த ஒரு மனுஷிக்குத்தான் உரிமை இருந்தது. அவரோ இறைச்சியையும் விட்டு, பாட்டையும் விட்டு, வாய் திறக்காமல் இருந்தார்.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்குப் போனேன். போகாமல் விட்டால் வெட்கப்பட்டு ஒளித்துவிட்டாள் என்பார்கள். நடு வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தவர்களை நானும் பார்த்தேன்.

அண்ணை முன்னால் போய் நின்றார். முதலடியை நன்றாகத்தான் இழுத்தார். சனம் ஈற்றடியைத் திருப்பிப் பாடியது. வழக்கத்தில் அந்த இடத்தில் பொறுப்போம், மூக்கு உறிஞ்சுகிற சத்தங்கள் அடங்கும்வரை. அண்ணை பொறுக்கவில்லை. சரியாக எண்ணி வந்ததுபோல அடுத்த அடியில் ஏறினார். சனமும் அவரை விடாமல் எண்ணி வந்து பிடித்தது. மூன்றாம் அடி இன்னும் கொஞ்சம் விரைந்தது. எனக்கு முன்வாங்கில், ஏழாம் பாட்டைச் சொன்ன மாமியின் குதிக்கால் நிலத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தத் தாளம் தெரியும். அது லொங்குய்யில், துணி தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கட்டிய தாளம்.

அண்ணைக்கும் தெரிந்துவிட்டது. காது சிவந்தது. அடியை இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். சனம் அவருக்காக நிற்கவில்லை. ஐந்து கிழமை திருட்டுத்தனமாகக் கேட்ட பாட்டு எல்லாருடைய காலுக்குள்ளும் இறங்கியிருந்தது.

கோயிலில் ஒரேயொருவர் மட்டும் பிந்தினார். அம்மா. எல்லாரும் ஈற்றடியை முடித்த பிறகும் அவருடைய குரல் தனியே இழுபட்டுக்கொண்டிருந்தது, மன்னாரில் இழுபட்ட அதே அளவில். பாடி முடித்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் இந்த ஓட்டம் ஓடுகினம்?" என்று என் காதில் கேட்டார்.

எனக்கு உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்த அடியில் நான் அம்மாவோடு சேர்ந்துகொண்டேன். அவர் மூச்சு எடுக்கும்வரை பொறுத்து, அவர் இழுத்த அளவுக்கு இழுத்துப் பாடினேன். பசாமைக் கெடுத்தவள் என்று ஒதுக்கப்பட்ட நானும் என் அம்மாவும் மட்டும்தான் அன்று அந்தக் கோயிலில் பசாமைப் பசாமாகப் பாடியவர்கள். மற்ற எல்லாரும் என் பாட்டைப் பாடினார்கள். முடிந்து வெளியே வந்தபோது நோன்புக் கஞ்சி வார்த்துக்கொண்டிருந்த அண்ணை என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கோப்பையை நீட்டி, "குடிச்சிட்டுப் போம் பிள்ளை" என்றார். வாங்கிக் குடித்தேன். உப்புக் கூடியிருந்தது. அதை அவரிடம் சொன்னேன்.

வாற வருசம் என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது. கூப்பிட்டால் பாடுவேன். நாலாம் பாட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து வந்து, மத்தியானம் கோழிக்கறியும் சோறும் சாப்பிட்டோம். அம்மா கை கழுவிவிட்டுச் சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். "இப்பப் போடு" என்றார்.

முதல் பாட்டைப் போட்டேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதுக்கு, மேளச் சத்தம் கூடப்போலக் கிடக்கு என்றார். மூன்றாவதும் ஓடி முடிந்தது. நான் குசினி வாசலில் நின்றேன், உள்ளே வர முடியவில்லை. நாலாவது தொடங்கியது. மேளம் நின்றது. என் குரல் தனியாக அந்தப் புலம்பலை எடுத்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய உதடு, கோயிலில் அசைவதுபோல, என் குரலுக்குக் கொஞ்சம் பின்னால் அசைந்தது. பிறகு மேளம் வந்தது, கதவு தட்டியது, பாட்டு ஓடியது. அம்மா கண்ணைத் திறந்தார்.

"ஓ, இதுக்குத்தான் ஓடினவையோ" என்றார்.

பாட்டு முடிந்ததும் சோபாவிலிருந்து கால்களை ஒவ்வொன்றாக இறக்கினார். பண்டகசாலையில் நாள் முழுக்க நின்று வீங்கிய கால்கள் அவை. முழங்காலில் கையை ஊன்றி எழுந்து நின்றார். ஹோலின் நடுவில் இருந்த மேசையை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரோரம் தள்ளினார்.

"திருப்பிப் போடு" என்றார்.